வளையம் விழாத தட்டு

அத்தியாயம் பதினேழு

அண்ணி கொடுத்தனுப்பிய குப்பியைச் சின்னவள் தன் சாப்பாட்டுப் பையின் ஓரத்தில் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய காலையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கப்பலில் இயந்திரம் பார்க்கும் அண்ணன் கரை சேர இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அண்ணிக்கு இது ஏழாம் மாதம். முதற்கரு ஐந்தாம் மாதத்திலேயே நழுவிப்போன வீடு அது. ஆகையால் மாமியார் ஒவ்வொரு நாளும் படிக்கட்டின் உச்சியில் நின்று, மருமகள் கடைசிப் படியை இறங்கும்வரை மூச்சுவிடாமல் பார்ப்பாள். குப்பியில் இருந்தது வழக்கமான பரிசோதனைக்குரிய சிறுநீர்தான். எவருக்கும் எந்த ஐயமும் எழவில்லை.

அது நடந்து இன்று மூன்றாம் நாள்.

மூடுபனி இன்னும் கலைந்திருக்கவில்லை. ஆய்வுக்கூடத்துச் சன்னல்களுக்கு வெளியே, தெரு இருக்கவேண்டிய இடத்தில், பால் நிறத்தில் ஏதோ ஒன்று அசையாமல் நின்றது. சின்னவள் வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு இன்குபேட்டரின் கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. கூடவே ஈர மண்ணும் பழைய ரொட்டியும் கலந்தாற்போன்ற அந்த வாடை. புதிதாக வேலைக்கு வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவளுக்கு அது காலைத் தேநீரின் மணம்போல் பழகிவிட்டது.

உடற்சூட்டில் உறங்கி எழுந்த கண்ணாடித் தட்டுகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கறுப்புத் துணியின்மேல் பிடித்துப் பார்த்தாள். நேற்று அவற்றில் கிருமிகளைச் சீராகப் பரப்பி, அதன்மேல் மருந்தில் தோய்ந்த சிறு காகித வில்லைகளைப் பதித்திருந்தாள். மருந்து கிருமியை வெல்லுமானால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் ஒன்று விழும். மழைக்கு முந்தைய நாள் நிலவைச் சுற்றி வட்டம் கட்டுமே, அப்படி. மருந்து தோற்குமானால் கிருமி வில்லையின் விளிம்புவரை வளர்ந்து வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும்.

முதல் தட்டில் ஆறு நிலவுகள். இரண்டாவதில் ஐந்து. மூன்றாவதை எடுத்தாள்.

அதில் ஒரு நிலவும் இல்லை.

தட்டு முழுவதும், சன்னலுக்கு வெளியே தெரிந்த மூடுபனியைப்போல், வெளிறிய ஒரே படலம். ஆறு வில்லைகளும் அதில் பாதி அமிழ்ந்து கிடந்தன. சின்னவள் தட்டைத் திருப்பி அடிப்புறத்துச் சீட்டைப் பார்த்தாள். கடைசி மூன்று இலக்கங்கள் ஏழு, ஒன்று, ஒன்பது. அந்தச் சீட்டை ஒட்டியவளே அவள்தான்.

குடும்பத்தாருடைய மாதிரியைத் தானே படிக்கலாகாது என்பது அந்தக் கூடத்தின் விதி. எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும் என்றுதான் எண்ணியிருந்தாள். ஆனால் கை எடுக்குமுன் கண் படித்துவிட்டது.

அவள் அந்தத் தட்டையும், வேறு மருந்துகள் பதித்த அதன் இணைத்தட்டையும் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு தலைமை ஆய்வாளரின் அறைக்குச் சென்றாள். எதையும் மூன்று முறை பார்க்காமல் ஒப்பமிடாத அந்த அம்மையாருக்குக் கூடத்தில் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். தமக்கு அதில் பெருமைதான் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

“மேடம், இதை நீங்க படிங்க. எங்க வீட்டுது.”

“யாரு?”

“அண்ணி.”

“ஏழு மாசம்னு சொன்னியே, அவங்களா?”

சின்னவள் தலையசைத்தாள். பூதக்கண்ணாடி கறுப்புத் துணியை இழுத்துப் போட்டு, அளவுகோலை எடுத்தார். வளையமே விழாத இடத்திலும் வில்லையின் அகலமாகிய ஆறு மில்லிமீட்டரை எழுதுவதே முறை. அவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே தம் கையாலேயே எழுதினார்.

“ஆறு. ஆறு. ஆறு. இதுவும் ஆறு.”

தாலாட்டுப்போல் ஒரே சுரத்தில் அந்த எண் வந்துகொண்டிருந்தது. இணைத்தட்டின் நான்காம் வில்லையில் அவர் குரல் மாறியது.

“பதினெட்டு. ஆனா இது குழந்தையோட காதுக்கு ஆகாதும்பாங்க. டாக்டர் அவ்வளவு சுலபமா தொடமாட்டாங்க.” கடைசி வில்லைக்கு வந்தார். “இருபத்தாறு. அப்பாடா. ஒண்ணாவது இருக்கு.”

“ஊசி மருந்து.”

“ஆமா. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுதான் ஏத்திக்கணும். மாத்திரையில எதுவும் கேக்காது.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வலி, காய்ச்சல் ஏதாவது இருக்கா?”

“நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்தாங்க. இடுப்புல லேசா வலின்னாங்க. குழந்தை பாரம்னு நாங்க நினைச்சோம்.”

பூதக்கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார். பிறகு, குப்பியோடு வந்த படிவத்தைத் தேடி எடுத்து, விரலால் ஒரு வரியைத் தொட்டார்.

“ஆறு மாசத்துல ஏதாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாங்களான்னு கேட்டிருக்கு. ‘இல்லை’ன்னு எழுதியிருக்காங்க. சரிதானா?”

சின்னவள் அந்தச் சொல்லைப் பார்த்தாள். அண்ணியின் கையெழுத்து, அச்சுப்போல் சீரானது.

“அப்படித்தான் எழுதியிருக்கு, மேடம்.”

அது விடையன்று என்பது அவளுக்குத் தெரியும். பூதக்கண்ணாடிக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் அவர் தொலைபேசியை எடுத்து மகப்பேறு மருத்துவரின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

*

மூன்று மாதங்களுக்கு முன் நடந்தது இதுதான்.

சின்னவளுக்குப் பல்வலி வந்தது. மருத்துவர் பத்துக் காப்ஸ்யூல்கள் எழுதிக் கொடுத்தார். ஐந்து விழுங்கியதும் வலி நின்றது. மீதி ஐந்தும் அம்மாவின் பிஸ்கட் டப்பாவுக்குப் போயின. அந்த வீட்டில் மீந்த மருந்தெல்லாம் அடைக்கலம் புகும் இடம் அது.

அடுத்த வாரமே அண்ணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மழை, விடுமுறை நாள், மருத்துவர் இல்லை. ‘கர்ப்பிணிக்கு இது ஆகுமா’ என்று சின்னவள் தன் தடித்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். ஆகும் என்றிருந்தது. எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதையும் பார்த்தாள். வீட்டுக்குள்ளேயே ஒரு நிபுணர் இருக்கும்போது வெளியே எதற்கு நனையவேண்டும் என்று அம்மா சொன்னாள். சின்னவளுக்கு அது இனிமையாக இருந்தது. ஐந்து காப்ஸ்யூல்களையும் அண்ணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

கர்ப்பத்துக்கு ஆகுமா என்பதையெல்லாம் பார்த்தவள், அந்தத் தொண்டைக்கு அந்த மருந்து வேண்டுமா என்பதை மட்டும் பார்க்கவில்லை. அரைகுறையாக விழுங்கும் மருந்தில் எளிய கிருமிகள் செத்து, அடங்காத கிருமிகளுக்கு இடம் விசாலமாகிறது என்பதை அவள் தினந்தோறும் தட்டுகளில் காண்கிறாள். வெளியாருக்குச் சொல்லியும் இருக்கிறாள். தன் வீட்டு டப்பாவின் மூடியைத் திறக்கும்போது மட்டும் அவள் மேலங்கியைக் கழற்றிவிட்டிருந்தாள்.

*

அண்ணி தொலைபேசியை எடுக்கவில்லை. எடுக்கமாட்டாள், அது அவளுடைய கவனிப்பு நேரம். நகரின் விளிம்பில், புல்வெளி நடுவில் இருக்கும் வானிலை நிலையத்தில் அவள் பதிவாளர். மூன்று மணிக்கொருமுறை வெளியே சென்று காற்றையும் வெப்பத்தையும் மேகத்தையும் எண்ணாக்கி எழுதுவது அவள் தொழில்.

பூதக்கண்ணாடி கொடுத்த அரைநாள் விடுப்போடு சின்னவள் வாடகைக் காரில் அங்கே போய் இறங்கினாள். காரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் புல்லில் நடந்தாள். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வெப்பமானிகள் வைத்த, நான்கு கால்களில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி ஒன்று பனியிலிருந்து மெல்ல உருவாயிற்று. அதன் அருகே, வயிறு முன்னே, ஏடு கையிலே, கம்பளிப் போர்வையோடு அண்ணி. அவளும் பாதி உருவாகி, மீதி இன்னும் முடிவாகாததுபோல் நின்றாள்.

“போனை எடுக்கமாட்டீங்களா அண்ணி?”

“எடுத்தா எண்ணு தப்பிப் போயிடும். நில்லுடி, ஈரத் துணி சுத்தின வெப்பமானி இன்னும் பாக்கி.” அவள் குனிந்து படித்து, எழுதி, நிமிர்ந்தாள். நிமிரும்போது வலக்கை தானாக விலாவுக்குப் போயிற்று. “நீ என்ன இந்த நேரத்துல? வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?”

“அது அப்புறம். இன்னிக்கு மேகம் எவ்வளவுன்னு எழுதினீங்க?”

“ஒன்பது.”

“மொத்த வானமே எட்டுப் பங்குதானே?”

“வானமே தெரியலன்னா ஒன்பது. தெரியாததை எட்டுன்னு எழுதக் கூடாது.” அண்ணி சிரித்தாள். பற்கள் லேசாகக் கிடுகிடுத்தன. “என்ன குளிர் இன்னிக்கு, பாரு.”

குளிர் அவ்வளவாக இல்லை. சின்னவள் நெருங்கி அவள் கழுத்தில் கை வைத்தாள். சுட்டது.

“எப்போலேர்ந்து?”

“விடியக்காலத்துல. பாப்பா வலப்பக்கமா சாஞ்சு படுத்திருக்கு, அதான் வலி. ராத்திரியெல்லாம் மேகத்துக்குள்ள நடக்கற மாதிரி கனவு. நல்லாத்தான் இருந்துது.”

“அண்ணி, உங்க கல்ச்சர் டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு. கிருமி இருக்கு. சாதாரண மருந்து எதுக்கும் அடங்காத கிருமி.”

“எனக்கு எரிச்சல்கூட இல்லையே.”

“மாசமா இருக்கறப்ப சத்தமில்லாம உட்கார்ந்திருக்கும். அதுக்குத்தான் ஒண்ணும் இல்லாதவங்களுக்கும் டெஸ்ட் பண்றோம். இப்ப கிட்னிக்கு ஏறியிருக்கும்னு தோணுது.”

“ஏறினா?”

சின்னவளால் சொல்லாமலிருக்க முடியவில்லை. “காய்ச்சல் ஏறும். ஏறினா, நாளுக்கு முன்னாடியே வலி எடுத்துடலாம்.”

அண்ணி ஏட்டை மூடினாள். வயிற்றின்மேல் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“உள்ள போய் இந்த எண்களை அனுப்பிட்டு வந்துடறேன்,” என்றாள். “ரெண்டு நிமிஷம்.”

*

கார் ஊர்ந்தது. எதிரே வரும் வண்டிகளின் விளக்குகள் நீரில் கரைந்த மஞ்சள்போல் தோன்றி, பரவி, மறைந்தன. அண்ணி தலையைக் கண்ணாடியில் சாய்த்திருந்தாள். ஓட்டுநர் பாட்டுப் பெட்டியின் ஒலியைத் தாமாகவே குறைத்துவிட்டார்.

“படிவத்துல ஏன் இல்லைன்னு எழுதினீங்க?” என்று சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

“அந்தத் தாள் உங்க மேடம் கைக்குத்தானே போகும்? எழுதிக் கொடுத்த டாக்டர் யாருன்னு அடுத்த வரியில கேட்டிருக்கு. உன் பேரையா எழுத முடியும்?”

“எழுதியிருக்கலாம்.”

“எழுதியிருந்தா நீ இந்நேரம் வீட்ல உட்கார்ந்து பட்டாணி உரிச்சுக்கிட்டிருப்பே. அத்தை உன்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கிட்டிருப்பாங்க. அந்தக் கண்றாவியை யார் பார்க்கறது?”

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “இப்ப டாக்டர்கிட்ட சொல்லிடறேன்.”

“சொல்லி என்ன ஆகப்போகுது? எந்த மருந்து கேக்கும்னு உன் தட்டுதான் சொல்லிடுச்சே.”

சின்னவளும் காலையிலிருந்து அதையேதான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு மில்லிமீட்டர் வளையம் ஒன்று இருக்கிறது. அந்த மருந்தை ஏற்றப்போகிறார்கள். பழைய ஐந்து காப்ஸ்யூல்களைப் பற்றிய பேச்சு அந்த வளையத்தை ஒரு மயிரிழையும் மாற்றாது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று அண்ணியிடம் இருந்தது. இரண்டாவது காப்ஸ்யூல் விழுங்கிய மாலை, அண்ணியின் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்த தடிப்புகள் எழுந்தன. உதடு சற்றே வீங்கிற்று. அவள் மருந்தை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் முழுக்கைச் சட்டை அணிந்து, ‘தொண்டை சரியாகிவிட்டது’ என்று சொல்லிவிட்டாள். அன்போடு கொடுத்தவள் மனம் நோகுமே என்று மறைத்தது அது. அந்த மாத்திரையின் குற்றம் அந்த மாத்திரையோடு போயிற்று என்றே அவள் நம்பினாள். இப்போது காய்ச்சலின் மிதப்பில் அது அவள் நினைவுக்கே வரவில்லை.

இப்படியாக, ஒருத்தியிடம் ஒரு பாதியும் மற்றொருத்தியிடம் மறு பாதியும் இருக்க, கார் மருத்துவமனையின் வாயிலில் போய் நின்றது.

*

அறை இரண்டாம் மாடியில். வெள்ளைத் திரை, வெள்ளை விரிப்பு, சன்னலுக்கு வெளியே அதே வெள்ளை. கட்டில் காற்றில் நிற்பதுபோல் இருந்தது. வயிற்றின்மேல் பட்டை ஒன்றைக் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை இணைத்தார்கள். தூரத்தில் யாரோ ஈரத் தரையில் ஓடுவதுபோல் அந்த ஓசை அறையை நிறைத்தது.

செவிலி படிவத்தோடு வந்தாள். வயது, எடை, எத்தனையாவது வாரம். கேள்விகள் எல்லாம் ஒரே நீரோட்டமாக அண்ணியின் காதில் விழுந்தன.

“ஏதாவது மருந்து ஒத்துக்காதா?”

“இல்லை,” என்றாள் அண்ணி, கண்களை மூடியபடி.

செவிலி எழுதிக்கொண்டு போனாள்.

அம்மா வந்து சேர்ந்தாள். ஒரு கையில் துணிப்பை. மறு கையில் சூப்பு நிறைந்த குடுவை. முகத்தில் முதற்கரு நழுவிய நாளின் கலக்கம்.

“காலையில படி இறங்கறப்பவே நினைச்சேன், இவ கால் தரையில பாவலையேன்னு. கேட்டா, நல்லா இருக்கேன் அத்தைம்பா. நம்ம வீட்ல யாரு எனக்கு உண்மையைச் சொல்றீங்க?”

“அம்மா, மெதுவா.”

“நீ பேசாதே. உன் ஆபீசுக்குத்தானே குப்பி போச்சு? மூணு நாளா என்னடி பண்ணினே?”

“கிருமி வளர மூணு நாள் ஆகும்மா. நாமளா அதை அவசரப்படுத்த முடியாது.”

“கிருமிக்குக்கூட உங்க ஆபீஸ்ல மரியாதை இருக்கு,” என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் அதற்குள் அவள் கை மருமகளின் நெற்றிக்குப் போய், ஈரமுடியை ஒதுக்கத் தொடங்கியிருந்தது. அண்ணி அந்தக் கையைப் பிடித்துக் கன்னத்தின் அடியில் வைத்துக்கொண்டாள்.

மருத்துவர் வந்தார். உருவத்தில் சிறியவர், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து பேசுபவர். கிருமி தொற்றிய சிறுநீரகத்தைப் பற்றி, ஊசியைப் பற்றி, ஒருவாரம் இங்கே தங்க வேண்டியதைப் பற்றிச் சொன்னார். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. பிரசவ வலி இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் மருந்து உள்ளே போய்விட வேண்டும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே செவிலி தட்டில் மருந்தைக் கலந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணியின் மணிக்கட்டில் நரம்பைத் தேடினாள்.

“இந்த மாதிரிக் கிருமி ஏற்கெனவே ஆஸ்பத்திரியில இருந்தவங்க, அடிக்கடி மருந்து சாப்பிட்டவங்க கிட்டதான் அதிகம் பார்ப்போம்,” என்றார் மருத்துவர். “நீங்க ரெண்டும் இல்ல. எப்படி வந்துதுன்னே புரியல.”

அவர் நோயாளிக் குறிப்பில் எழுதினார். சின்னவள் எதிர்ப்புறம் நின்றபடியே அதைத் தலைகீழாகப் படித்தாள். தலைகீழ் எழுத்துகளைப் படிப்பது தட்டுகளைக் கையாள்பவர்களுக்குப் பழக்கமானது.

*சாத்தியமான காரணம்: தெரியவில்லை.*

தெரியவில்லை என்ற சொல்லை அவளுடைய கூடத்தில் எவரும் எளிதில் எழுதமாட்டார்கள். பார்க்கவேண்டிய அனைத்தையும் பார்த்து முடித்த பிறகே எழுதுவார்கள். இங்கே பார்க்காத ஒன்று இருக்கிறது. அது அவளுக்குள் இருக்கிறது. சொல்வதால் பயன் ஒன்றும் இல்லை என்று கணக்கு மறுபடி ஒருமுறை நினைவூட்டிற்று. வேலை போகும் என்றும் நினைவூட்டிற்று.

“டாக்டர், அது ‘தெரியவில்லை’ இல்ல,” என்றாள். “மூணு மாசம் முன்னாடி அண்ணிக்கு நான் மருந்து கொடுத்தேன். யாரும் எழுதிக் கொடுக்கல. எனக்கு மீந்தது. பென்சிலின் வகை. அஞ்சு காப்ஸ்யூல்.”

அம்மாவின் கை அசைவற்றது.

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. காய்ச்சலின் ஆழத்தில், தன் பெயரைப் போட்டு யாரோ ஒரு தவறான எண்ணைப் பதிவுசெய்வது அவளுக்குக் கேட்டது. இத்தனை ஆண்டுப் பழக்கம் அவளை மீறி உதட்டை அசைத்தது.

“ரெண்டு,” என்றாள்.

“என்னது?”

“அஞ்சு இல்ல. ரெண்டுதான் சாப்பிட்டேன்.”

“அஞ்சும் கொடுத்தேனே அண்ணி. சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே.”

மருத்துவர் பேனாவை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். “ஏன் ரெண்டோட நிறுத்தினீங்க?”

குழந்தையின் துடிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி வெகு தொலைவிலிருந்து திரும்பி வருபவளைப்போல் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

“தடிச்சுப் போச்சு. கழுத்துல, கையில. உதடுகூட.”

மருத்துவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிச் செவிலியின் மணிக்கட்டைத் தொட்டார். நரம்புக்குள் போயிருந்த மெல்லிய குழாயில் மருந்தை இணைக்கவிருந்த செவிலி, அப்படியே கையை இறக்கினாள்.

சின்னவள் சன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

“இந்த ஊசி அந்த மாத்திரைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்,” என்றார் மருத்துவர், அதே மென்குரலில். “ஆயிரம் பேர்ல பெரும்பாலானவங்களுக்கு ஒத்துக்கும். ஒத்துக்காத ஒருத்தருக்கு, யாரும் பக்கத்துல இல்லாத நேரத்துல முழுசா ஏத்தியிருந்தா...” அவர் அதை முடிக்கவில்லை. “மூச்சு திணறிச்சா அன்னிக்கு?”

“இல்ல.”

“மயக்கம்?”

“இல்ல. அரிப்புதான்.”

“ஒத்துக்காத மருந்து இல்லைன்னு சொன்னீங்களாமே?”

“அது வேற மருந்தாச்சேன்னு நினைச்சேன், டாக்டர்.” அண்ணி கையை நீட்டினாள். “அந்தக் குறிப்பைக் கொஞ்சம் கொடுங்களேன்.”

மருத்துவர் வியப்போடு கொடுத்தார். அண்ணி பேனாவை வாங்கி, அதில் செவிலி எழுதியிருந்த ‘இல்லை’ என்பதன்மேல் ஒரேயொரு கோடு கிழித்தாள். அடியிலுள்ள சொல் தெரியும்படி. மேலே ‘உண்டு’ என்று எழுதி, ஓரத்தில் நேரத்தையும் சுருக்கொப்பத்தையும் இட்டாள். அவள் நிலையத்தில் பிழை திருத்தும் முறை அது. அங்கே எதையும் அழிப்பதில்லை.

பிறகு நடந்ததெல்லாம் கனவின் ஒழுங்கோடு நடந்தது. எதிர்மருந்து கலந்த ஊசி ஒன்று தலைமாட்டில் தயாராக வைக்கப்பட்டது. மூச்சுக்குரிய முகமூடி கொண்டுவரப்பட்டது. மருத்துவர் வேறு அறைக்குப் போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருந்தில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் முதலில் உள்ளே போயிற்று.

“அரைமணி நேரம் பார்ப்போம்,” என்றார். “ரெண்டு மாத்திரையாலதான் இந்தக் கிருமி வந்துதுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த விஷயம் இப்ப தெரிஞ்சது நல்லதாப் போச்சு.”

சின்னவள் அண்ணியின் முழங்கை மடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தினமும் வளையம் விழாதா என்று பார்ப்பவள், இன்று ஒரு சிவந்த புள்ளியும் விழாதிருக்க வேண்டுமே என்று பார்த்தாள். ஐந்து நிமிடம். பத்து. தோல் தோலாகவே இருந்தது.

“ரொம்ப உத்துப் பார்க்காதே,” என்றாள் அண்ணி. “கூச்சமா இருக்கு.”

“பேசாம இருங்க அண்ணி.”

“வெளிய கொஞ்சம் வெளிச்சம் வருது பாரு. மேல மட்டும் கலையுது.” அவள் குரல் தூக்கத்தில் மிதந்தது. “பாப்பா திரும்புது. சன்னல் திரையை உள்ளேர்ந்து காத்து தள்ற மாதிரி.”

அரைமணி கழிந்தது. பத்தில் ஒரு பங்கு போயிற்று. மீண்டும் காத்திருந்தார்கள். பிறகு முழு அளவும் துளித் துளியாக இறங்கத் தொடங்கியது. மருத்துவர் எழுந்து அண்ணியின் கழுத்தையும் உதட்டையும் இன்னொருமுறை பார்த்துத் தலையசைத்தார். காய்ச்சல் இறங்க இரண்டு நாளாகலாம் என்றார். அதுவரை கருவி வயிற்றிலேயே இருக்கும்.

நடைவழியில் நின்று சின்னவள் பூதக்கண்ணாடிக்குத் தொலைபேசியில் அனைத்தையும் சொன்னாள். “நாளைக்குக் காலையில எழுத்துல கொடு,” என்றார் அவர். “இன்னிக்கு அவங்க கூட இரு.” அவ்வளவுதான். அதில் கோபமா கருணையா என்று பிரித்தறிய முடியவில்லை.

அவள் திரும்பி வந்தபோது அண்ணி உறங்கியிருந்தாள். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டு வரவில்லை.

“அஞ்சு கொடுத்தே,” என்றாள் அம்மா தாழ்ந்த குரலில். “இவ ரெண்டு சாப்பிட்டா.”

“ஆமாம்மா.”

“மிச்சம் மூணைத் திரும்ப டப்பாவுல போட்டிருக்கா. எனக்கு அதெல்லாம் தெரியாதுடி. நல்ல மருந்துன்னு நீதானே சொன்னே.”

சின்னவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“கீழ்வீட்டுத் தையல்காரி இல்ல, அவளுக்குப் போன மாசம் ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல்னு சொன்னா. டாக்டர்கிட்ட போக வெட்கப்பட்டா. அந்த மூணையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்லாயிடுச்சுன்னு சொல்லி எனக்கு ரவிக்கைகூடச் சும்மா தைச்சுக் கொடுத்தா.” அம்மாவின் விரல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றின. “அவளும் அஞ்சு மாசம்டி.”

மருந்து துளித் துளியாக இறங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் அம்மாவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, நடைவழியின் கோடியில் மேசையருகே அமர்ந்திருந்த செவிலியிடம் சென்று, சிறுநீர்ப் பரிசோதனைக்கு மூடி திறக்கப்படாத புதிய குப்பி ஒன்று வேண்டும் என்று கேட்டாள்.